கார் ஷெட்டில் தொங்கிய மூன்றாவது கயாக்

என் பெயர் எலிசெயோ கதலான். வயது 58. தச்சு வேலை செய்கிறேன். வால்திவியா நகரம், கொயீக்கோ பகுதியில் ஆற்றை ஒட்டிய தெருவில் என் பட்டறையும் அதன் மாடியில் என் வீடும் உள்ளன. தனியாக வசிக்கிறேன். திருமதி ஒதிலியா காயமடைந்தது தொடர்பாக என்மீது கொடுக்கப்பட்ட புகாரின் பேரில் இன்று ஜூன் 12, வெள்ளிக்கிழமை, நானே நேரில் வந்து கீழ்க்கண்டவாறு சொல்கிறேன். நான் சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படுத்தப்படலாம் என்பது முதலிலேயே எனக்குச் சொல்லப்பட்டது.

ஒதிலியாவின் கணவர் நிபால்தோ ஒஹேதாவை எனக்கு முப்பத்தோரு வருடங்களாகத் தெரியும். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவர்கள் மகள் யாஸ்னாவுக்கு நான் ஞானத்தகப்பன் என்பதால் நிபால்தோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஞானப்பிள்ளை உறவைச் சொல்லும் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் கயாக் என்னும் நீளமான துடுப்புப் படகு விடுவோம். கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கொன்றாக ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் என இரண்டு கயாக்குகள் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் தரையில் கிடந்தன. அந்த ஷெட் மூன்று மீட்டர் அகலம், ஐந்தரை மீட்டர் நீளம். அதற்குள் காரும், குளிர்கால விறகும், ஒரு ஃப்ரீஸரும் இருந்தன. கயாக்குகளைத் தாண்டித்தான் ஃப்ரீஸரைத் திறக்க வேண்டியிருந்தது என்பதால் சென்ற நவம்பரில் ஒதிலியா என்னை வரச்சொல்லி, இரண்டையும் மேலே தூக்கிக் கட்டித் தரும்படி கேட்டார்.

நான் கூரை உத்திரங்களைத் தட்டிப் பார்த்தேன். ஐந்தில் இரண்டுதான் தேறின. அவற்றில் முழுக்கத் துளையிட்டு, மறுபக்கம் வாஷரும் நட்டும் வைத்து, பதினைந்து சென்டிமீட்டர் நீளப் போல்ட்டுகளில் கொக்கிகளை மாட்டினேன். குளியலறை எடை மெஷினைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு கயாக்குகளையும் நிறுத்தேன். ஒன்று 23 கிலோ, மற்றது 26 கிலோ. அதன் பிறகு நான்கு கப்பிகளில் கயிறு கோர்த்து, ஒருவரே இழுத்து ஏற்றும்படி செய்துகொடுத்தேன். மரம் பழையது, கொக்கி தாங்கினாலும் உத்திரம் தாங்காது, இந்த இரண்டுக்கு மேல் எதையும் மாட்டக்கூடாது என்று இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். மூன்றாவது வாங்கும் ஆசை யாருக்கும் இல்லை என்று ஒதிலியா சிரித்தார். வேலைக்குக் கூலி வாங்கவில்லை. அன்று மாலை ஆப்பிள் வைத்த கூகன் கேக் சுட்டு, பாதியை எனக்குக் கட்டிக் கொடுத்தார்.

ஏப்ரலில் ஒதிலியா தன் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஓசோர்னோ போயிருந்தார். அந்தச் சமயத்தில் நிபால்தோ மீன் பிடிப்பதற்கென்று இரண்டு பேர் உட்காரும் பச்சை நிறக் கயாக் ஒன்றை வாங்கி, தரையில் இடம் இல்லாததால் அதே கொக்கிகளில், மற்ற இரண்டுக்கும் அடியில், பட்டை போட்டுத் தொங்கவிட்டிருந்தார். மே 3, ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது அதைப் பார்த்தேன். கையால் தூக்கிப் பார்த்ததில் நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது என்று தெரிந்தது. இப்போதே இறக்கு என்று சொன்னேன்.

"ஒரு வாரம்தான்டா கொம்பாத்ரே. நீ செவத்தோரமா ஒரு ஸ்டாண்டு அடிச்சுக் குடு, அன்னிக்கே இறக்கிடறேன்" என்றார்.

நான் அடுத்த சனிக்கிழமை பலகையோடு வருவதாகச் சொன்னேன். வேறு வேலை இருந்ததால் போகவில்லை. இது என் தவறு.

மே 16, சனிக்கிழமை மாலை 4.20க்கு நிபால்தோ எனக்கு ஃபோன் செய்து உடனே வா என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. என் பட்டறையிலிருந்து அவர் வீடு இரண்டு தெரு. நான் போனபோது உத்திரம் ஒன்று கணுவில் பிளந்து விழுந்து கிடந்தது. ஃப்ரீஸருக்கு முன்னால் ஒதிலியா குப்புறக் கிடந்தார். அவர் இடுப்பின்மேல் பச்சைக் கயாக்கும் அதன்மேல் மற்ற இரண்டும் கிடந்தன. அவர் எடுத்த ரொட்டிப் பை கையிலேயே இருந்தது. நாங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி அப்புறப்படுத்தினோம். அதன் பிறகு ஆம்புலன்ஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டேன். இன்னும் கூப்பிடவில்லை, முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன் என்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். நேரம் 4.31 என்று என் ஃபோனில் இருக்கிறது. அவர் என்னை முதலில் கூப்பிட்டதை அன்று நான் நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு, வேறு தெருவில் வசிக்கும் யாஸ்னா ஓடி வந்து, ஷெட்டுக்குள் வராமலே தாயோடு ஆம்புலன்ஸில் ஏறிப் போனாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று நிபால்தோ பின்தங்கினார். ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பியதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பச்சைய இங்கருந்து எடுத்துடலாம்டா. இது தொங்குச்சுன்னு தெரிஞ்சா யாஸ்னா என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டா."

நான் என் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்தேன். இருவருமாகத் தூக்கி வைத்து, தார்ப்பாய் மூடி, என் பட்டறையின் பின்புறம் கொண்டுபோய்ப் பலகைகளுக்குப் பின்னால் வைத்தோம். என் இடத்தில் வைக்கலாம் என்று சொன்னது அவர்தான், ஆனால் நான் மறுக்கவில்லை. அதன் பிறகு அவரை நானே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன்.

மே 18, திங்கட்கிழமை ஒதிலியாவைப் பார்க்கப் போனேன். இடுப்பெலும்பும் முதுகில் ஓர் எலும்பும் முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. நிபால்தோ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒதிலியா என்னைப் பார்த்து, வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து திரும்பி வந்தபோது ஷெட்டில் பச்சையாக ஒன்று தொங்கியதைப் பார்த்ததாகவும், அப்படி எதுவுமே இல்லை, அடிபட்டதில் கலங்கிவிட்டது என்று கணவர் சொல்வதாகவும் சொல்லி, இருந்ததா இல்லையா என்று என்னைக் கேட்டார். நான் நிபால்தோவைப் பார்த்தேன். அவர் மனைவியின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டுதான் இருந்தது என்று சொன்னேன்.

"சரி எலிசெயோ, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

மே 27 அன்று காவலர் ஒருவர் பட்டறைக்கு வந்து, நான் குட்டைத் திருகாணிகளைப் போட்டு அலட்சியமாக வேலை செய்ததால்தான் கயாக்குகள் விழுந்ததாக நிபால்தோ எழுதிக் கொடுத்திருப்பதைக் காட்டினார். அதில் கயாக்குகள் இரண்டு என்றே இருந்தது. உடைந்த உத்திரத்தைக் கேட்டதற்கு, வீட்டில் விறகு தீர்ந்துபோனதால் அறுத்து அடுப்பில் போட்டுவிட்டதாக நிபால்தோ சொல்லியிருந்தார். நான் அடுக்கிக் கொடுத்த விறகு அந்த ஷெட்டில் இடுப்பு உயரத்துக்கு இருந்தது எனக்குத் தெரியும். காவலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நிபால்தோவைப் பார்த்துப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளேயிருந்தபடியே ஜன்னல் வழியாகப் பேசினார்.

"யாராவது ஒருத்தன் பேரு வேணும்ல? எனக்குக் குடும்பம் இருக்கு. உனக்கு யாருடா இருக்கா?"

மூன்றாவது கயாக் பற்றிச் சொல்லிவிடுவேன் என்று நான் சொன்னேன்.

"சொல்லேன். அது யார் பட்டறைல கிடக்குதுன்னும் சேத்துச் சொல்லு" என்றார்.

அதன் பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். நான் பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு தெருவில் எனக்கு வேலை வருவது நின்றது. ஒப்புக்கொண்டிருந்த இரண்டு வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜூன் 9 அன்று யாஸ்னா பட்டறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அவள் தாய் நடக்க இன்னும் ஆறு மாதமாவது ஆகும் என்றும், பழையபடி நடப்பாரா என்று டாக்டர்கள் உறுதி சொல்லவில்லை என்றும் சொன்னாள். பிறகு, "எங்க வீட்டு வேலைல போயா மாமா நாலு போல்ட்ட மிச்சம் புடிச்சீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது அவளைக் கையில் ஏந்தி நின்றவன் நான். அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பலகைகளை நகர்த்தித் தார்ப்பாயை எடுத்துக் காட்டினேன். பச்சைக் கயாக்கின் அடியில் சுக்கானைப் பிடிக்கும் திருகில் நீலக் கம்பளி நூல் சிக்கியிருந்தது. அது தாயின் ஸ்வெட்டர் என்று யாஸ்னாவே சொன்னாள். ஃபோனில் படம் எடுத்தாள். அதன் பிறகு மரத்தூள்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்பாயா என்று கேட்டேன். அப்பாவிடம் இனி அவளுக்குப் பேச்சில்லை என்றும், அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அதற்கு மூன்று நாள் ஆனது.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒதிலியாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும், பச்சையைப் பற்றி நர்ஸ்களிடம் கேட்டுக்கொண்டே இருந்ததால் புத்தி தடுமாறுகிறது என்று தனக்கு மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள் என்றார். கணவர் பொய் சொல்லுவார் என்று அவருக்கு முன்பே தெரியுமா என்று நான் கேட்டேன்.

"தெரியும். அதனாலதான் உங்களக் கேட்டேன்" என்றார்.

அதன் பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்து, அங்கிருந்து நேராக இந்த அலுவலகத்துக்கு வந்தேன்.

பட்டறைச் சாவியை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். பச்சைக் கயாக் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. நூலை யாரும் தொடவில்லை.

இதை முழுவதும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார்கள். மே 18 அன்று ஆஸ்பத்திரியில் நான் பொய் சொன்னதை இங்கே யாரும் கேட்காமல் நானாகவே சொல்லியிருக்கிறேன் என்றும், அது என்னையே மாட்டிவிடும் என்றும், அது இருக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்கப்பட்டது. இருக்கட்டும் என்று சொன்னேன். இதில் உள்ளவை எல்லாம் நடந்தவை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவைக்கவில்லை.

(ஒப்பம்) எலிசெயோ கதலான்