கேட் சத்தத்துக்கு அப்புறம்

பரவால்ல மேடம், செருப்பு போட்டுகினே வாங்க. அப்பா கோத்த பாசிமணி இன்னும் தரையில எங்கனா கெடக்கும், கால்ல குத்தும். ஆமா, அந்த போட்டோதான். ஆடி மாசம் போய்ட்டாரு. ஒங்க நம்பர் எங்கிட்ட இல்ல, சொல்ல முடில.

ஒக்காருங்க. வசந்தா, மேடத்துக்கு டீ போடு. எங்க ஊட்டுக்காரி மேடம், வேற ஆளுங்க. அவளுக்கு எங்க பேச்சு தெரியாது.

விழாவா? மேடையில அப்பா எங்க பேச்சுல, வாக்ரிபோலில பேசணும்னு வந்தீங்களா? சூப்பரா பேசியிருப்பாரு, மைக்க குடுத்தா திருப்பி வாங்க முடியாது. நானா? சரியாப்போச்சு போங்க. அஞ்சு வயசுல என்னை ஆஸ்டல்ல சேத்தாங்க. வாயத் தொறந்தா பசங்க நரி மாதிரி ஊளை வுடுவானுங்க. அப்டியே எங்க பேச்ச வுட்டுட்டேன், இப்ப கேட்டாலும் புரியாது.

அம்மா போனப்புறம் ஆவடி காலனிலேர்ந்து அப்பாவ இங்க, காட்டுப்பாக்கத்துக்கு இட்டாந்தேன். நாங்க நரிக்கொறவருன்னா ஊடு குடுப்பாங்களா? ஓனரம்மாகிட்ட நாங்க தெலுங்குன்னு சொல்லிவெச்சேன். அப்பாவும் கதவ சாத்திகினுதான் மணி கோப்பாரு. எங்க பேச்சு இங்க வேணாம்பான்னு சொல்லிட்டேன். அப்பதான் அவரு பேச்ச ரெக்கார்டு பண்ண நீங்க மிஷின எடுத்துகினு வந்தீங்க. ரெண்டு மணி நேரம் சிரிச்சு சிரிச்சு பேசினாராம்ல?

அந்த ரெக்கார்டிங் ஒங்க போன்ல இருக்குதா மேடம்? கடைசில, கேட் சத்தம் வரும் பாருங்க, அங்கேர்ந்து போடுங்க.

தோ, கேட் சத்தம். நான்தான் வர்றேன். பாக்டரில எட்டு மணி நேரம் நின்னுகினே வேல, அன்னிக்கு டபுள் ஷிப்ட் வேற. வாசல்ல ஓனரம்மா நிக்குது.

அஜித்து, அஜித்துன்னு எம்பேரு வருது, கேட்டீங்களா?

நிறுத்துங்க. அப்புறம் நான் கத்துறதுதான் கீது. வாய மூடு, மானத்த வாங்காதன்னு. ஒங்ககிட்ட என்னை கொற சொல்றாருன்னு நெனச்சேன் மேடம். அதுக்கப்புறம் எங்கிட்ட எங்க பேச்சு ஒரு வார்த்தகூட வரல, தமிழ்லதான் பேசினாரு. பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட பேசுற மாதிரி, அளவா. கடைசி வரைக்கும்.

நீங்க எங்க பேச்ச படிச்சவங்க. அந்த எடத்துல இன்னா சொல்றாரு மேடம்?

...

கால் வலிக்குதான்னு என்னை கேக்குறாரா?

அவ்ளோதானா?

இன்னொரு தபா போடுங்க. இருங்க, மொதல்ல இத சொல்லுங்க. ஆமாப்பா, வலிக்குதுன்னு எங்க பேச்சுல எப்டி மேடம் சொல்றது?