கோழிக்கு இன்னைக்கும் முட்டையா?

இந்த ஆட்டத்தைப் பத்தி முதல்ல எனக்குச் சொன்னது என் மூத்த மருமகதான் தம்பி, போன மழைக்காலத்துல. அத்தை, உங்களுக்கு மன அழுத்தம், உடம்பை ஆட்டினா மனசு அடங்கும்னா. நான் என்ன பிரஷர் குக்கரா, அழுத்தத்துக்கு விசில் அடிக்கன்னு கேட்டேன். மறுநாளே உங்க கடையில, கண்ணை மூடி மாட்டினா உள்ள வேற உலகமே தெரியற இந்த வி.ஆர். பெட்டியை வாங்கிட்டு வந்து என் மூஞ்சில மாட்டிவிட்டுட்டா.

இருங்க, திருப்புளியை எடுக்காதீங்க. படமெல்லாம் நல்லாத்தான் தெரியுது. சொல்லி முடிச்சிடறேனே.

டேபிள் டென்னிஸ் ஆட்டம். முதல் நாள் பந்துக்குப் பதிலா சுவத்துக் கடிகாரத்தை அடிச்சேன். அடுத்த நாள் மூச்சு வாங்குதேன்னு அந்த மேசையில கையை ஊனினேன். மேசை எங்க இருக்கு? பொத்துனு விழுந்தேன். சிரிங்க, சிரிங்க. என் வீட்டுக்காரரே பேப்பரால மூஞ்சிய மறைச்சுக்கிட்டுச் சிரிச்சார். சின்னவன் சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து அந்த மனுஷன் சிரிச்சே நான் பார்க்கலை.

வேற என்ன சண்டை, அப்பா பார்த்துக் குடுத்த வேலையை விட்டுட்டான். இவர் ஒண்ணு சொன்னார், அவன் ரெண்டு சொன்னான். இப்ப என் போனைக்கூட எடுக்கிறதில்லை. நான் கடவுள்கிட்ட வேண்டாத நாளில்லை. கடவுள் என்னடான்னா மருமக வாயால பதில் சொல்றார். அவன் அண்ணிகிட்ட மட்டும் பேசுவான். வேலை முடிஞ்சு தினமும் இதே ஆட்டத்துலதான் மனசு பாரத்தை இறக்கி வைக்கிறானாம். ஏதேதோ அமுக்கி அவன் நிக்கிற மேசைக்கே என்னை அனுப்பி வச்சுட்டா. மன அழுத்தமாம்! கள்ளி.

ஆட்டத்துக்குள்ள என்ன உருவம் வேணும்னு பெட்டி கேட்டுச்சு, கை தவறிக் கோழி மேல பட்டுடுச்சு. அவன் ஒரு மொட்டைத் தலை பொம்மை. தலையும் ரெண்டு கையும் மட்டும் மிதக்குது. குரலைக் கேட்டதும்... சரி, விடுங்க. நான் வாயைத் திறந்தா ஆளைக் கண்டுபிடிச்சு ஓடிடுவான்னு மருமக மைக்கை மூடி வச்சுட்டா.

தினமும் தோத்துப் போறேன். ஒரு பாயிண்ட் கிடையாது. என்ன கோழி, இன்னைக்கும் முட்டையான்னு கேட்பான், வாலு. அப்புறம் அவனாப் பேசுவான். மேனேஜர் கழுத்தை அறுக்கிறார், ரூம்ல தண்ணி வரலை, தூக்கம் வரலைன்னு. பெத்தவகிட்ட சொல்ல மாட்டானாம், ஊமைக் கோழிகிட்ட கொட்டுவானாம்!

என் வீட்டுக்காரருக்கா? தெரியாம என்ன. மொட்டை இன்னைக்கு எப்படி ஆடினான்னு தினமும் கேட்கிறாரே.

நேத்து ஒரு பந்தைச் சுழட்டி அடிச்சான் பாருங்க, அசந்துட்டேன். கிட்டப் போய் அவன் நெத்தியில விழுற முடியை ஒதுக்கி விட்டேன். ஆமா தம்பி, மொட்டைதான். மொட்டைக்கு ஏது முடி? சின்னப் பிள்ளையிலேர்ந்து ஒதுக்கிவிட்ட கை, தானாப் போயிடுச்சு.

மட்டையை இறக்கிட்டான். அப்புறம் மெதுவா, சாப்பிட்டியாம்மான்னு கேட்டான்.

சாப்பிட்டேன்டா, சாப்பிட்டேன்டான்னு கத்துறேன், அவனுக்குக் கேட்கலை. தலையை ஆட்டினேன். கோழித் தலை ஆடினது அவனுக்குத் தெரிஞ்சுதோ என்னவோ.

மருமக அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா, எனக்கு எந்தப் பொத்தானும் பிடிபடலை. சாயங்காலம் அவன் வருவான். அந்த மைக்கை மட்டும் திறந்து விடுங்க தம்பி.