இடப்பக்கத்து விளக்கு

முகத்துக்கு நேரே விளக்கை வைத்து, நடுவில் ஒரு மல்துணியைத் தொங்கவிட்டால் யாரும் கொஞ்சம் அழகாகத்தான் தெரிவார்கள் சார். மேடு பள்ளமெல்லாம் சமமாகிவிடும். ஆம்பூர் பஜாரில் பத்து வருஷமாக நான் ஸ்டுடியோ நடத்துவது இந்த ஒரு வித்தையை வைத்துத்தான். பக்தவச்சலம் படம் எடுத்தால் மூன்றே மாதத்தில் கழுத்தில் மாலை விழும் என்று ஊரில் பேச்சு. கைராசியாம். நானும் இல்லையென்று சொல்லவில்லை.

கோதண்டராமன் தன் மகள் செண்பகத்தை எழுபத்தெட்டில் கூட்டிவந்ததும் அந்தப் பேச்சை நம்பித்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி அவர். மாப்பிள்ளை வீட்டார் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிடித்தால்தான் பெண் பார்க்க வருவார்கள். செண்பகத்துக்கு இடது கன்னத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு. நேரில் பார்க்கிறவனுக்கு அவள் சிரிப்புதான் தெரியும், தழும்பு கண்ணில் படாது.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதில் தப்பில்லையே. ஆனால் வீட்டில் தங்கச்சி இருந்தாள். அவளைக் கரையேற்றாமல் நான் போய்ப் பெண் கேட்க முடியாது. அதனால் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினேன். இடப்பக்கமாக, வெளிச்சம் கன்னத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி. அப்படி வைத்தால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழும். வேறெதுவும் செய்யவில்லை.

வாணியம்பாடி வரன் படத்தைத் திருப்பி அனுப்பியது. ராணிப்பேட்டையும் அப்படியே.

"இன்னாப்பா, உன் கைராசிக்கே மசியலியே இவ ஜாதகம்" என்று கோதண்டராமன் மறுபடி வருவார். புதுப் படம் எடுப்பேன். நாலு வருஷத்தில் ஏழு படம். வேறு ஸ்டுடியோவுக்குப் போக அவருக்குத் தோன்றவே இல்லை. ராசியான கையிலேயே தேறவில்லை என்றால் குறை பெண்ணிடம்தானே இருக்க வேண்டும். வீட்டில் அவளைக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வரவர முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டுதான் ஸ்டுடியோவுக்குள்ளேயே வருவாள். வருத்தமாகத்தான் இருந்தது. தங்கச்சிக்கு இன்னும் அமையவில்லை, நான் என்ன செய்ய?

போன தையில் தங்கச்சி கல்யாணம் முடிந்தது. மறுவாரமே செண்பகத்திடம் நேராகக் கேட்டேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க. என் மூஞ்சி எப்டின்னு ஊர்லயே உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். பாவம் பாத்து என்னைக் கட்டிக்காதீங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? ஒன்பதாம் நாள் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள்.

மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமென்று கோதண்டராமன் வந்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியாக ஒன்றை நேர் விளக்கில் எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். இனியாவது எல்லோரும் அவளைச் சரியாகப் பார்க்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அவள் அம்மா கங்கம்மாள் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே பொடவ, அதே பூவு. இந்தப் படத்த ஏன்யா அன்னிக்கே குடுக்கல?" என்றாள்.

அப்படித்தான் விஷயம் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தது.

ஏழு தடவையும் விளக்கை நகர்த்தியது நான்தான் சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பெண்ணின் அழகை மதிக்க இந்த ஊரில் ஓர் ஆள் கூட இல்லை, என்னைத் தவிர.