லொறெய்ன் மிஸ்ஸியின் பத்து நாள் மருந்து

மேடையிலிருக்கும் அருட்தந்தை அவர்களே, வைத்திய அதிகாரி அவர்களே, மிஸ்ஸியின் கணவர் றெக்ஸ் அவர்களே, மிஸ்ஸி காப்பாற்றித் தந்த பிள்ளைகளின் தாய்மாரே! இருபது வருடம் அவரோடு வேலை செய்த ஆண்தாதி கனகசிங்கம் பேசுகிறேன். பேசி முடிப்பேனோ தெரியாது.

சுனாமியில் கடல் வந்த அடுத்த மாதம். முகாமில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தொண்டை நோ, உடம்பெல்லாம் சிவப்பு. நாங்கள் என்ன சொன்னோம்? அம்மாள் வருத்தம் என்றோம்! வேப்பிலை கட்டினோம். அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தது யார்? எங்கள் தாதி லொறெய்ன் மிஸ்ஸி! ஜம்புப்பழம் போலச் சிவந்த நாக்கைக் காட்டினார். என் கையைப் பிடித்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்தார். சுறாத்தோல் போலச் சொரசொரத்தது.

"இது செங்காய்ச்சல், தம்பி. காய்ச்சல் விட்டாலும் பத்து நாளும் மருந்து குடுக்க வேணும்" என்றார்.

அப்படி மருந்து தொடங்கிய பிள்ளை நிலானி. ஐந்து வயது. மூத்த இரண்டு பேரையும் கடலுக்குக் கொடுத்த இலட்சுமிப்பிள்ளைக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மாள் இறங்கிவிட்டா என்று வழக்கப்படி தலைக்குத் தண்ணி வார்த்தார்கள். மருந்து நின்றது. மூன்றாம் கிழமை மூட்டுகள் வீங்கின. பிறகு இதயம் பழுதாகியது. அந்த வருடமே அவளை அடக்கம் செய்தோம்.

தாயின் காலடியில் இருந்து மிஸ்ஸி அழுதார்: "என்ட பிழை மகள். நான் வடிவாச் சொல்லித் தரல்ல."

அதன் பிறகு அந்தப் பறங்கிப் பெண் தாய்மாரிடம் கெஞ்சினார்: "வேப்பிலை இருக்கட்டும் மனே. தண்ணிய மட்டும் பதினோராம் நாள் வாருங்க. அதுவும் அஞ்சு, ஏழு போல ஒத்தப்பட நாள்தானே!" ஷெல் விழுந்த நாட்களிலும் முகாம் முகாமாய் நடந்து, பத்தாம் நாள் மருந்தையும் தன் கையாலேயே பருக்கினார்.

யுத்தம் முடிந்து நாலு மாதம் ஆகவில்லை. போன செவ்வாய், குருக்கள்மடம் போகும் பஸ்ஸில், மடியில் மருந்துப் பையோடு அவர் மூச்சு நின்றது. ஐயோ, இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கக் கூடாதா!

அந்தப் பையிலிருந்த மருந்தை, அது சேர வேண்டிய பிள்ளைக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். இனி எந்தப் பிள்ளைக்கும் பத்து நாளும் நானே போவேன். இது சபையறிய நான் கொடுக்கும் வாக்கு.

இன்னுமொன்று. தங்கச்சி இலட்சுமிப்பிள்ளை, நாலு வருடமாக நீ மிஸ்ஸியோடு கதைக்கவில்லை. இன்று வந்து பின்வரிசையில் இருக்கிறாய். நிலானிக்குக் காய்ச்சல் விட்ட அன்று அவர் வேறு முகாமுக்குப் போயிருந்தார். "இனியும் மருந்து வேணுமா அண்ணே?" என்று நீ கேட்டாய். "அம்மாள் இறங்கிற்றா, தேவையில்ல" என்று சொன்னது நான்! அது தெரிந்தும் அவர் கடைசிவரை உனக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ முகம் பார்க்காமல் விட வேண்டியவன் நான். அவருடைய படத்துக்கு ஒருக்கா வந்து பூப் போடு, தங்கச்சி.