பெண்கள் கட்டத்தில் ஒரு பெயர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"செத்துப்போன ஒரு அம்மா போன மாசம் மீட்டிங்குக்கு வந்திருக்காங்க அக்கா."

"என்னாடி சொல்ற?"

"ஒவ்வொரு அரசு வாரியத்துலயும் மெம்பரா பொம்பளைங்க எத்தினி பேரு, என்ன சமுதாயம்னு லிஸ்ட் எடுக்கச் சொன்னாங்கல்ல? ஒரு வாரியத்துல மொத்தமே ஒரு பொம்பளதான். போன் பண்ணா அவுங்க மவன் எடுத்தாரு. அம்மா தவறி ஒரு வருஷம் ஆவுதுன்னாரு. ஆனா மீட்டிங் நோட்டுல போன மாசம் வரைக்கும் அவுங்க கையெழுத்து இருக்கு."

"எவனாவது போட்டிருப்பான்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மெம்பருங்கள ஒவ்வொருத்தரா கேட்டேன். வந்தாங்கம்மா, எப்பவும் போல ஓரமா உக்காந்திருந்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. யாரும் பொய் சொல்ற மாதிரி தெரியல."

மூத்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஏதாவது பேசுனாங்களாமா?"

"அதையும் கேட்டேன். அந்தம்மா என்னிக்குப் பேசியிருக்காங்கன்னு வாரியத் தலைவரு என்னையே திருப்பிக் கேட்டாரு."

"அப்ப லிஸ்ட்ல என்ன போட்ட?"

"பொம்பளைங்க கட்டத்துல அவுங்க பேர அடிச்சிட்டு சைபர் போட்டேன். உயிரோட இருக்கறவங்கள அடிக்கிற மாதிரி இருந்துச்சுக்கா."