கம்பத்தில் ஆள் இருக்கையில் வந்த வெளிச்சம்

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் என் பக்கத்து வீட்டு லாமிடி அவர்களே, தெருச் சங்கத்துப் பெரியவர்களே, களி கிண்டிய கையைக் கழுவிவிட்டு ஓடிவந்த தாய்மார்களே, கம்பம் ஏறி நமக்கு ஒளி கொடுக்கும் தம்பி சிக்கிரு அவர்களே, அனைவருக்கும் வணக்கம்!

நம் இபதான் நகரமே பொறாமைப்படப் புது டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. மாலை போட்டீர்கள், மத்தளம் கொட்டினீர்கள். நான் பேசப்போவதோ பழைய டிரான்ஸ்பார்மர் காலத்துச் சங்கதி. தலைவருக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்!

மின்சாரத்துக்கு நிறம் உண்டா? மணம் உண்டா? அதன் முகத்தை யார் கண்டது? ஆனாலும் அது மீனையும் காக்கும், மனிதனையும் மாய்க்கும்!

போன மழைக்காலம். காற்றில் வயர் அறுந்து தெருவே இருண்டது. சிக்கிரு டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டு, வயர் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பம் ஏறினான். தலைவர் வீட்டிலோ குளிர்பெட்டி நிறைய விற்பனை மீன். அவர் மனைவி மொராடெக்கே கத்தினாள்.

"மீனு நாறுதுங்க! ஜெனரேட்டரப் போடுங்களேன்!"

"போடறேன்டி, உசுர வாங்காத!"

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவர் கையில் ஒரு வயர். இரண்டு முனையிலும் பிளக்!

"ஐயா, அதென்ன ரெண்டு பக்கமும் பல்லு?" என்று கேட்டேன்.

"ஒனக்கென்னம்மா தெரியும்? போயி மொளகா அரை!"

அந்தச் சொல்லை மழை மறந்தது, தெரு மறந்தது. நான் மறக்கவில்லை!

ஒரு பல்லை ஜெனரேட்டரில் பதித்தார். மறு பல்லைச் சுவர் சாக்கெட்டில் செருகினார். வீட்டைத் தெரு வயரிலிருந்து பிரிக்கும் மெயின் சுவிட்சை இறக்கினாரா? இல்லை! மின்சாரம் அவர் வீட்டோடு நின்றதா? இல்லை! மீட்டரைத் தாண்டியது, மதிலைத் தாண்டியது, செத்த வயருக்குள் உயிராய் நுழைந்தது. என் வீட்டு பல்பு அழுக்கு மஞ்சளாய்க் கண் விழித்தது.

வெளிச்சம் வந்தால் நம் தெரு என்ன செய்யும்? கூவும்!

"லைட்டு வந்தாச்சேய்!"

வீட்டுக்கு வீடு கூவினார்கள். நானும் கூவினேன். கூவிய வாய் மூடுமுன் கண் கம்பத்துக்குப் போனது. சிக்கிரு இன்னும் மேலே! அறுந்த வயரைப் பிடிக்க நீட்டிய கை, நீட்டியபடியே நின்றது.

"யார்ரா அது? பியூஸ நான் இன்னும் மாட்டவேயில்லையே! எந்த மகராசன்டா லைட்டு குடுத்தது?"

வியக்கிறேன், தாய்மார்களே, இன்றும் வியக்கிறேன்! வெறும் ஆசையில் நாம் போட்ட கூச்சல், மேலே ஏறி ஒரு மனிதனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியதே! அன்று தெரு சந்தைக்குப் போயிருந்தால்? ஒருவரும் கூவாதிருந்தால்? இந்த மேடையில் சிக்கிரு இருப்பானா?

பின்வரிசையில் என்ன சிரிப்பு? உங்கள் கட்டிலடியிலும் அந்த வயர் சுருண்டு கிடக்கிறது, எனக்குத் தெரியும்!

சிக்கிரு மாட்டித்தரும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைப் பாருங்கள். தெருப்பக்கம் திருப்பினால் ஜெனரேட்டர் வீட்டுக்குள் வராது. ஜெனரேட்டர் பக்கம் திருப்பினால் அது தெருவுக்குப் போகாது. ஒரு கைப்பிடி, ஓர் உயிர்!

தலைவர் எழுகிறார். என்ன ஐயா, மைக்கா?

"மைக்கு வேணாம்மா. வயரு வீட்லதான் கெடக்கு. எடுத்தாந்து சிக்கிரு கையில குடுத்துர்றேன்."

கேட்டீர்களா! போய்வாருங்கள் ஐயா. அதை அவன் வெட்டி எறிந்த பிறகு உங்கள் வீட்டு மீனைச் சாப்பிட வருகிறேன். மிளகாய் மட்டும் நான் அரைத்ததாய் இருக்கட்டும்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இனி வெளிச்சம் வந்தால் முதலில் கம்பத்தைப் பாருங்கள். ஆள் இருந்தால் உடனே எச்சரியுங்கள். மேலே ஒருவரும் இல்லையா? தெரு அதிரக் கூவுங்கள்! வணக்கம்!