பேராச்சி வீட்டு ஏசியை நான் பார்த்தது பற்றி

பெயர் சண்முகவடிவு, வயது 51, கணவர் பெயர் நயினார், தாராவி தொண்ணூறடி ரோடு பக்கத்துக் கல்லியில் (சந்தில்) குடியிருப்பு, தொழில் வீட்டில் மெஸ் சாப்பாடு. மராத்தியில் எழுதினால் எதில் கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்கே தெரியாது என்பதால் தமிழில் எழுதித் தருகிறேன்.

போன வருடம் ஆடி மாதம் எங்கள் அடுப்படியில் கேஸ் சிலிண்டர் தீப்பிடித்தது. இடது கை வெந்தது, பாதிப் புருவம் போயிற்று. அதன் பிறகு ஒன்பது மாதம் லைட்டரைத் தொட்டாலே உடம்பு நடுங்கி மெஸ் மூடிக்கிடந்தது, வீட்டுக்காரர் வடாபாவில் உயிர் வாழ்ந்தார். அதன் பிறகு செம்பூரில் மனநல ஆலோசகர் ஸ்ரீதேவியிடம் போனேன். அவர் தீயை நினைக்கச் சொல்லி, என் கண்ணுக்கு முன்னால் ஒரு குச்சியை மெதுவாக நகர்த்தினார். வலப்பக்கம் சற்று மேலே வந்ததும் என் இமை படபடத்தது. குச்சியை அங்கேயே நிறுத்தி, பார்வையை எடுக்காமல் இருக்கச் சொன்னார். நான் அழுததில் அவருடைய டிஷ்யூ டப்பா காலி. வீட்டிலும் தினம் பத்து நிமிடம் அதே பக்கம் பார்த்து உட்காரலாம் என்றார்.

வீட்டுக்குள் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. தினம் காலை பத்து மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து வலப்பக்கம் மேலே பார்த்தால் எதிர்வீட்டுப் பேராச்சி மதினியின் புது ஏசி இருக்கிறது. அதை அங்கே மாட்டியது நானல்ல.

இதற்கிடையில் மதினி மகளுக்கு நெருளில் பேசிய சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளைக்கு வாஷி ஆபீசில் வேறு பெண் இருப்பது கல்லிக்கே தெரியும். நான் நாலு பேரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மதினி கையில் உப்பும் மிளகாயுமாக வந்து, "ஏட்டி, இமைக்காம பாத்துப் பாத்தே எம் மவ கல்யாணத்த முறிச்சிட்டியே" என்றார். "எங் கண்ணுக்கு அம்புட்டு சக்தி இருந்தா எங்க வீட்டுக்காரரு என்னைக்கோ கருகியிருப்பாரு மதினி" என்றேன். அதன் பிறகு மிளகாய் என் முகத்தில் விழுந்தது. அதன் பிறகு அவரே ஸ்டேஷனுக்கு வந்து என் மேல் புகார் கொடுத்தார்.

இனி அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விஷயத்தை முடித்துவிடலாம் என்கிறார் இன்ஸ்பெக்டர் சாஹேப். எழுதித் தரமாட்டேன். நேற்றுத்தான் முதல் தடவையாக நானே அடுப்பைப் பற்றவைத்தேன். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நாளையும் பத்து மணிக்கு வாசற்படியில் உட்காருவேன். மதினி வேண்டுமானால் ஏசிக்குத் திரை போட்டுக்கொள்ளட்டும். திரையைப் பார்ப்பேன்.

இதிலுள்ளதெல்லாம் நடந்தது, யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. என் கையெழுத்து இந்தத் தாளுக்கு மட்டும். சாஹேப் நீட்டும் இன்னொரு தாளுக்கு இல்லை.

(ஒப்பம்)
ந. சண்முகவடிவு